வீட்டுக்கு வந்த பிறகுதான் வேலை இருக்கு
(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



சேமிப்பு, கடன் பற்றி நிறையப் பேசிவிட்டோம். இன்றைக்குப் பிள்ளைகளைப் பற்றிப் பேசலாம். பத்தாவது, பன்னிரண்டாவது படிக்கிற பிள்ளை உயிரை மாய்க்கப் பார்த்து, பெரியாஸ்பத்திரியில் காப்பாற்றி வீட்டுக்கு அனுப்புகிறார்கள். "கண்டம் தாண்டிருச்சு" என்று நாம் நிம்மதி ஆகிறோம். ஆனால் வீடு திரும்பிய முதல் வாரமும், அடுத்த சில மாதங்களும்தான் மறுபடி ஆபத்து அதிகமுள்ள காலம். உடம்புக்கு வைத்தியம் முடிந்தது. மனசுக்கு இப்பதான் ஆரம்பம்.

போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து, "தெரியாம குடிச்சிட்டா" என்று சொல்லி அழைத்து வந்துவிடுகிறோம். அப்புறம் மனநல மருத்துவரை எப்படிப் பார்ப்பது? 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம், இப்படிச் செய்தவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருதச் சொல்கிறது, தண்டிக்கச் சொல்லவில்லை. அதனால் டாக்டரிடம் உண்மையைச் சொல்லுங்கள். டிஸ்சார்ஜ் ஆகும் முன்பே, மறுபடி எந்தத் தேதி, எந்த ஓ.பி. என்று எழுதி வாங்குங்கள்.

அந்தத் தேதியில் அம்மாவுக்குக் கூலி போகும், பஸ் செலவு ஆகும். அங்கேதான் குழு வேண்டும். ஒருத்தி கூடப் போகலாம், கைமாற்று கொடுக்கலாம். ஆனால் அந்தப் பிள்ளை பெயரைத் தீர்மான நோட்டில் எழுதாதீங்க, தெருவிலும் பேசாதீங்க.

வீட்டில் பூச்சிமருந்து வேண்டாம். மாத்திரையைப் பூட்டி வைத்து, வேளைக்கு வேளை பெரியவங்க கையால் கொடுங்கள். "மானத்தை வாங்கிட்டியே" என்று குத்திக் காட்டாதீர்கள். "சாகணும்னு இன்னும் தோணுதா கண்ணு?" என்று நேராகவே கேளுங்கள். கேட்டால் அந்த எண்ணம் வந்துவிடாது. அடக்கி வைத்தது வெளியே வரும். ஆமாம் என்றால் தனியே விடாமல் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். யோசனை கேட்க 14416, டெலி மானஸ், இருபத்து நாலு மணி நேரமும் இலவசம்.

உலக சுகாதார நிறுவனம் சென்னை உட்பட ஐந்து நாட்டு ஊர்களில் செய்த ஆய்வு 2008இல் வெளியானது. தற்கொலைக்கு முயன்று சிகிச்சை பெற்றவர்களில் ஒரு பாதியினரிடம் உட்கார்ந்து விளக்கிப் பேசி, வீடு திரும்பிய பிறகும் 18 மாதம் போனிலோ நேரிலோ விசாரித்தார்கள். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்ற மற்றவர்களைவிட, இவர்களில் தற்கொலைச் சாவு மிகக் குறைவு.

தவணைக்கு வீடு தேடிப் போகிற கால் நமக்கு இருக்கிறது. "சாப்பிட்டியா கண்ணு?" என்று கேட்கவும் அதே கால் போகட்டும்.