பேசாத பிள்ளைகளின் கணக்கு



இந்தக் கருத்தரங்குக்குத் தலைமை தாங்க வேண்டும் என்று அழைப்பு வந்தபோது மகிழ்ச்சியைவிடக் கலக்கம்தான் முந்திக்கொண்டது. எனக்குக் கல்வியியல் சொல்லிக்கொடுத்தவர்கள் முன்வரிசையில் இருக்கிறார்கள். என்னோடு பல காலமாக வாதாடி வருபவர்கள் மூன்றாவது வரிசையில் சேர்ந்தாற்போல் உட்கார்ந்திருக்கிறார்கள். இரு தரப்புக்கும் பயந்துதான் உரையை எழுதியே கொண்டுவந்தேன்.

கணித வகுப்பில் பேசாத மாணவரை எப்படிப் பேச வைப்பது என்பது நமக்குத் தரப்பட்ட பொருள். 1945இல் வந்த கணித அறிஞர் போல்யாவின் நூல் தொடங்கி, 2005 தேசியக் கலைத்திட்டத்தை ஒட்டி வந்த கணிதக் குழுவின் அறிக்கை வரை நீங்கள் படித்தறிந்ததையே திருப்பிச் சொல்லி நேரத்தை வீணாக்க மாட்டேன். பயம், நெரிசல், பாலினம், சாதி என்று காரணங்களை வரிசையாக எடுத்துப் பேசும் கட்டுரைகள் இன்றும் நாளையும் வரவிருக்கின்றன. தமிழ் வழியில் கலகலவென்று கணக்குப் போட்ட பிள்ளை ஆங்கில வழிக்கு மாறியதும் வாயடைத்துப் போவது பற்றிய கட்டுரையை நானே ஆவலோடு எதிர்பார்க்கிறேன். அவற்றை அவர்களிடமே விட்டுவிட்டு என் சண்டைக்கு வருகிறேன்.

முன்பொரு கருத்தரங்கில் நண்பர் ஒருவர், “பேசாமல் இருப்பது சில பிள்ளைகளின் சுபாவம். அதைச் சீண்டாமல் இருப்பதே மரியாதை” என்றார். நல்ல கைதட்டல். அன்று மறுமொழி சொல்ல எனக்கு நேரம் தரப்படவில்லை. இன்று மேடை என் கையில் இருக்கிறது. நண்பர் பொறுத்தருள வேண்டும்.

மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் அறிவியல் வகுப்புகளை ஒலிநாடாவில் பதிந்து ஆராய்ந்ததை நாம் எல்லோரும் பி.எட். படிக்கும்போதே கேள்விப்பட்டிருப்போம். கேள்வி கேட்ட ஆசிரியர் ஏறத்தாழ ஒரு நொடிதான் பொறுக்கிறார். அதை மூன்று நொடியாக்கினால் பதில்கள் நீள்கின்றன, பதில் சொல்வோரும் கூடுகிறார்கள். தேர்வுத்தாளில் இந்த மூன்று நொடியை எழுதி மதிப்பெண் வாங்கிவிட்டு மறந்துவிட்டோம். அதே ஆய்வில் நாம் மேற்கோள் காட்டாத பகுதி ஒன்று உண்டு. கெட்டிக்காரர்கள் என்று ஆசிரியர் கருதிய ஐந்து பேருக்கு ஏறத்தாழ இரண்டு நொடி கிடைத்தது. கடைசி ஐந்து பேருக்குக் கிடைத்தது ஒரு நொடிக்கும் குறைவு. யோசிக்க அதிக நேரம் யாருக்குத் தேவையோ அவர்களுக்கே குறைவாகத் தந்துவிட்டு, அவர்கள் வாய் திறக்காததைச் சுபாவம் என்கிறோம். ஆண்டுக்கணக்கில் இப்படி முந்தப்பட்ட பிள்ளைக்கு வேறு என்ன சுபாவம் வரும்?

ரோ இன்னொரு இடைவெளியையும் அளந்தார். மாணவர் பதில் சொல்லி முடித்தபின் ஆசிரியர் வாய் திறக்கும்வரை உள்ள இடைவெளி அது. கணக்கு வகுப்புக்கு இதுதான் முக்கியம் என்பது என் கட்சி. ஓர் ஏழாம் வகுப்பில் பின்பெஞ்சில் உட்கார்ந்து நான் பார்த்ததைச் சொல்கிறேன். அரையோடு மூன்றில் ஒன்றைக் கூட்டச் சொன்னார் ஆசிரியை. ஒரு பெண் எழுந்து, “அஞ்சுல ரெண்டு, மிஸ்” என்றாள். மேலே உள்ளதை மேலே கூட்டி, கீழே உள்ளதைக் கீழே கூட்டியிருக்கிறாள். வழக்கமாக இந்த இடத்தில் “தப்பு, உட்கார், அடுத்தது யாரு?” என்பது இமைக்கும் நேரத்தில் வந்துவிடும். அந்த ஆசிரியை ஒன்றும் சொல்லாமல் விடையைக் கரும்பலகையில் அப்படியே எழுதிவிட்டு ஒதுங்கி நின்றார். வகுப்பு நெளிந்தது. முதல் பெஞ்சில் இரண்டு கைகள் உயர்ந்தன. அவற்றைப் பார்க்காதவர்போல் இருந்தார். சன்னலோரம் இருந்த ஒரு பையன் பக்கத்துப் பையனிடம், “அரையோட இன்னும் கொஞ்சம் சேத்தா அரையை விடக் கம்மியாவாடா ஆவும்?” என்று கேட்டது என் காதிலேயே விழுந்தது. “அதை எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொல்லுப்பா” என்றார் ஆசிரியை. அவன் சொன்னான். முதலில் பதில் சொன்ன பெண்ணே எழுந்து வந்து இரண்டு செவ்வகம் வரைந்து, ஐந்தில் இரண்டு அரையை எட்டவில்லை என்று காட்டினாள். பொதுப் பகுதி ஆறு என்பதற்கு வந்து சேர இன்னும் பத்து நிமிடம் ஆயிற்று. பாடம் முடியவில்லை என்று தலைமையாசிரியர் குறைப்பட்டிருக்கலாம். அது அவர் பாடு.

அந்தப் பையன் முதலில் பேசியது பக்கத்தில் இருந்தவனிடம். வகுப்புக்கு முன்னால் பேசியது அதற்குப் பிறகுதான். இந்த வரிசையை நாம் எப்போது தொலைத்தோம் என்ற கேள்விக்கு, நான் வழக்கமாக ஏறும் திண்ணையில்தான் பதில் இருக்கிறது. மூன்றாவது வரிசையில் சிரிப்பு தெரிகிறது, இருக்கட்டும்.

திண்ணைப் பள்ளிக்கூடம் வெறும் மனப்பாடக் கூடம் என்பார் ஒரு சாரார். 1983இல் பழைய இந்தியக் கல்வி பற்றிய தரம்பாலின் நூல் வந்ததிலிருந்து அதைப் பொற்காலமாக்குவார் இன்னொரு சாரார். இரண்டும் எனக்கு ஒப்பில்லை. பெண்களும் ஒடுக்கப்பட்ட சாதியினரும் அநேகமாக எட்டிப்பார்க்க முடியாத இடம் அது. பிரம்படியும் கோதண்டம் என்ற தண்டனையும் அங்கே நிசம். ஆனால் எண்சுவடி என்ற வாய்ப்பாடு வாயில்தான் இருந்தது. வாத்தியாரிடம் ஒப்பிக்கும் முன் பிள்ளைகள் ஒருவர் மற்றவரிடம் சொல்லிப் பார்த்தார்கள். 1789இல் எழும்பூர் ஆண்கள் அநாதை இல்லத்தின் பொறுப்பை ஏற்ற பாதிரியார் ஆண்ட்ரூ பெல், இங்குள்ள பிள்ளைகள் மணலில் எழுதுவதைப் பார்த்து அதைத் தம் பள்ளியில் புகுத்தினார். எட்டு வயதுச் சிறுவன் ஜான் பிரிஸ்கனை மற்றவர்களுக்கு எழுத்துச் சொல்லித்தர வைத்தார். 1797இல் லண்டனில் இது பற்றிய அவருடைய அறிக்கை அச்சேறியது. பிள்ளையே பிள்ளைக்குச் சொல்லித்தரும் இந்த ‘மெட்ராஸ் முறை’ அங்கே பிரபலமானது. அங்கிருந்து அது திரும்பி வந்தபோது பிள்ளைகளுக்கு இடையில் இருந்த பேச்சு உதிர்ந்து, சட்டாம்பிள்ளையின் மிரட்டல் மட்டுமே மிஞ்சியது என்பது என் வாதம். சான்று வேண்டுவோர் எந்தப் பள்ளிக்கும் போய்ப் பாருங்கள். ஆசிரியர் இல்லாத வகுப்பில் லீடர் சாக்பீசோடு நிற்பார். கரும்பலகையின் மூலையில் ‘பேசியவர்கள்’ என்று தலைப்பு, கீழே பெயர்கள், அடங்காதவர் பெயருக்குப் பக்கத்தில் பெருக்கல் குறி. காலையிலிருந்து அந்தப் பட்டியலில் ஏறாமல் தப்பித்த பிள்ளையை மூன்றாவது பீரியடில் எழுப்பி ‘கலந்துரையாடு’ என்கிறோம்.

எனக்குப் பிடித்த இன்னொரு மூலம் காரிநாயனாரின் கணக்கதிகாரம் என்ற பழைய கணக்கு நூல். பலாப்பழத்தின் காம்பைச் சுற்றியுள்ள முட்களை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுத்தால் சுளைகளின் எண்ணிக்கை வரும் என்கிறது அது. நம் அறிஞர்கள் சிலர் இதைப் பழந்தமிழர் விஞ்ஞானம் என்று கொண்டாடுகிறார்கள். வேறு சிலர் கட்டுக்கதை என்று ஒதுக்குகிறார்கள். இரு சாராரும் வகுப்புக்கு ஒரு பலாப்பழம் வாங்கிப் போனதாகத் தெரியவில்லை. வாங்கிப் போங்கள். சரியா தப்பா என்பதை வாத்தியார் முகத்தில் தேட வேண்டாத கணக்கு அது, அறுத்தால் தெரிந்துவிடும். முள் எண்ணுவதில் ஒருவருக்கு ஒருவர் வேறுபடும்போதே பேச்சு தொடங்கிவிடும். எதை முள் என்று கணக்கில் சேர்ப்பது, பாதி வளர்ந்த சுளை சுளையா என்று கேட்கும் முதல் குரல் பெரும்பாலும் முதல் பெஞ்சிலிருந்து வருவதில்லை.

பங்கேற்புக்கு மதிப்பெண் கொடுத்தால் பேசுவார்கள் என்ற யோசனையும் நிகழ்ச்சி நிரலில் இருக்கிறது. முப்பருவ முறை வந்தபோது வளரறி மதிப்பீட்டுக்கு 40 மதிப்பெண் ஒதுக்கினோமே, அதன் பெரும்பகுதி பதிவேட்டில் குடியேறியதை இங்குள்ள ஆசிரியர்கள் அறிவார்கள். பேச்சுக்கு விலை வைத்தால் ஏற்கெனவே பேசுகிறவர்தான் சம்பாதிப்பார். பேசாதவருக்கு அது இன்னொரு தேர்வு.

ஒதுக்கிய நேரத்தை நான் தாண்டிவிட்டதாகச் செயலாளர் சைகை காட்டுகிறார். தலைவருக்குள்ள உரிமையில் ஒரே ஓர் ஏற்பாடு செய்கிறேன். ஒவ்வொரு கட்டுரை முடிந்ததும் இரண்டு நிமிடம் பக்கத்தில் இருப்பவரோடு பேசுங்கள். அதன்பிறகு முதல் கேள்வி ஆய்வு மாணவர்கள் இருக்கும் கடைசி வரிசையிலிருந்து வர வேண்டும். முன்வரிசைப் பெரியவர்களும் மூன்றாவது வரிசை நண்பர்களும் அதுவரை மைக்கைத் தொட வேண்டாம். முதல் அமர்வின் தலைவரை மேடைக்கு அழைக்கிறேன்.