ஒரு சொல்லுக்கு இரு சொல்



சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் 1935 முதல் 1940 வரை துணைவேந்தராக விளங்கியவர் மகாகனம் வி. எஸ். சீனிவாச சாஸ்திரியார். காந்தியடிகளின் சுயசரிதையை மகாதேவ தேசாய் ஆங்கிலத்தில் பெயர்த்தாரல்லவா? அதன் 1940-ஆம் ஆண்டுப் பதிப்பின் நடையை, ஆங்கிலப் புலமை மிக்க பெரியார் ஒருவர் திருத்தித் தந்தாரென்றும், தம் பெயரை வெளியிடலாகாதென நிபந்தனை விதித்தாரென்றும் முன்னுரை கூறுகிறது. அப்பெரியார் சாஸ்திரியாரே என்பது பின்னர்த் தெரியவந்தது. தேசாயின் எழுத்துக்கே மற்றொருவர் கண் வேண்டியிருந்ததெனில், விண்ணப்பம் எழுதும் நாம் சொல்லுக்குச் சொல் நின்று பார்ப்பதில் தாழ்வொன்றுமில்லை.

ஒலியால் மயக்கும் சொற்களை இங்கு விட்டுவிடுகிறேன். கல்லூரி முதல்வரும் ‘பிரின்சிபல்’, கொள்கையும் ‘பிரின்சிபல்’ என்றே செவிக்குப் படும். வானொலியில் எழுத்தை எங்ஙனம் காட்டுவது! அவ்வேற்றுமையை அகராதி காட்டிவிடும். நம்மை மெய்யாகவே இடறச் செய்பவை, தமிழில் ஒன்றாய் நின்று ஆங்கிலத்தில் இரண்டாய்ப் பிரியும் சொற்களாம்.

கடலூரில் ஒரு மாணவர் விடுதி. அங்கே கைக்கடிகாரம் ஒன்று காணாமற் போயிற்று என்று கொள்வோம். அடுத்த அறைத் தோழன் எடுத்திருப்பான் எனச் சந்தேகிப்பதாகக் காப்பாளருக்கு எழுதப் புகுந்த மாணவன், ‘ஐ டவுட் தட் ஹி டுக் இட்’ என்று எழுதுகிறான். ‘அவன் எடுத்தான் என்பதை நான் நம்பவில்லை’ என்பதன்றோ அதன் பொருள்? குற்றம் சாட்ட வந்தவன் நற்சான்று வழங்கிவிட்டான்! அவன் வேண்டிய சொல் ‘சஸ்பெக்ட்’. மாறாக, நண்பனைக் காக்க எண்ணியவன் ‘சஸ்பெக்ட்’ என்று எழுதினால் விளையும் கேடு இதனினும் பெரிது. பிறனொருவன் மானம் அதில் அடங்கியிருக்கிறது.

மறுத்தலும் அத்தகையதே. சாட்டிய குற்றத்தை மறுப்பது ‘டினை’. கையொப்பமிட மறுப்பது ‘ரெஃப்யூஸ்’.

எதிர்பார்த்தல் என்பதில் பொருளோடு பணிவும் மாறும். மேலதிகாரிக்கு ‘ஐ எக்ஸ்பெக்ட் யுவர் ரிப்ளை’ என்று எழுதினால், விடை தருவது அவர் கடமை என அதட்டுவது போலாகும். ‘ஹோப்’ என்று தொடங்கும் வாக்கியமோ வேண்டுகோளாய் நிற்கும். இத்தகைய நுட்பம் நமக்குப் புதிதன்று. இரப்போன் தாழ்ந்தோனாயின் ‘ஈ’ என்றும், ஒத்தோனாயின் ‘தா’ என்றும், உயர்ந்தோனாயின் ‘கொடு’ என்றும் கூறுதல் வேண்டுமெனத் தொல்காப்பியர் சொல்லதிகாரத்தில் வகுத்தார். நாம்தாம் அவ்வேற்றுமையை மறந்து வழங்குகிறோம்.

ஐயம் எழும்போது நான் கையாளும் வழி எளியது. ‘சந்தேகம்’ என்ற சொல்லை நீக்கிவிட்டு, கருத்தைத் தமிழிலேயே மீண்டும் சொல்லிப் பார்ப்பேன். ‘நம்பவில்லை’ என்று வந்தால் ‘டவுட்’. ‘அப்படித்தான் இருக்கும் என எண்ணுகிறேன்’ என்று வந்தால் ‘சஸ்பெக்ட்’. அதன் பின்னரே பேனா தாளில் இறங்கும்.