அறிவுரை வேண்டாம், பொறுப்பைக் கொடுங்கள்

(தாராவியில் நடந்த இளைஞர் பிரிவுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சாலை விபத்தைப் பற்றிப் பேச ஒரு சங்கத்துக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கிறார்கள். மத்திய அரசின் கணக்குப்படி 2022ஆம் ஆண்டில் மட்டும் இந்த நாட்டுச் சாலைகளில் 1,68,491 பேர் மடிந்தார்கள். நூற்றுக்கு 44 பேர் இரு சக்கர வண்டியில் போனவர்கள். மூன்றில் இரண்டு பங்கு 18 முதல் 45 வயதுக்காரர்கள். உழைத்துச் சோறு போடுகிற வயது! நம் வீட்டில் ஒரு பையன் விழுந்தால் இங்கே வாடகையும் நிற்கும், நெல்லைச் சீமையில் ஆத்தாளுக்குப் போகிற பணமும் நிற்கும். இது அரசியல் இல்லையென்றால் எது அரசியல்?

செயற்குழுவில் ஒரு பெரியவர், "போலீஸ் அதிகாரியை அழைத்துவந்து பையன்களுக்குப் புத்தி சொல்லச் சொல்வோம்" என்றார். வேண்டாம் என்றோம். அதிகாரி வருவார், மாலை போடுவோம், பையன்களும் கைதட்டுவார்கள். வெளியே போனதும் மூன்று பேராக ஒரே வண்டியில் ஏறி 90 அடி ரோட்டில் பறப்பார்கள். அப்பாவுக்குப் பயந்து தெருமுனை வரை ஹெல்மெட் தலையில் இருக்கும். முனை தாண்டினால் கைக்கு மாறிவிடும். ஏன்? சேக்காளிகள் சிரிப்பார்களே! அந்தச் சேக்காளியே "வாரைப் பூட்டுடா, அப்புறம் வண்டியை எடு" என்று சொல்லட்டும். அந்தச் சொல் மட்டும்தான் அவன் காதில் ஏறும்.

ஆகவே ஒவ்வொரு சாலுக்கும் ஒரு பையன், ஒரு பெண் என்று 25 வயதுக்கு உட்பட்ட இருவரை அந்தச் சால் இளைஞர்களே தேர்ந்தெடுக்க வேண்டும். செயற்குழுவில் அவர்களுக்கு இடமும் வாக்கும் உண்டு. நோட்டீஸ் அடிக்கிற பணமும் அவர்கள் கையில்தான். பெரியவர்கள் நாற்காலி எடுத்துப் போட்டால் போதும்.

அவர்கள் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது. அதே 2022இல் ஹெல்மெட் இல்லாமல் மடிந்தவர்கள் 50,029 பேர். அதில் 14,337 பேர் பின்னால் உட்கார்ந்து போனவர்கள். பின்னால் இருப்பவருக்கும் ஹெல்மெட் வேண்டும், அதில் ஐ.எஸ்.ஐ. முத்திரை வேண்டும். நடைபாதையில் மலிவாக விற்கிற தொப்பி போலீஸை ஏமாற்றலாம், தார் ரோட்டை ஏமாற்றாது.

தாய்மார்கள் ஒன்றைக் கேளுங்கள். 2019இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி, 18 வயது ஆகாத பையன் வண்டி ஓட்டிக் குற்றத்தில் மாட்டினால் பெற்றவருக்கோ வண்டிக்காரருக்கோ 25,000 ரூபாய் அபராதம், மூன்று ஆண்டு வரை சிறை. பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. டிரைவர் வேலைக்குப் போக நினைக்கிற பிள்ளைக்கு இதைவிட என்ன தண்டனை வேண்டும்?

அடிபட்டுக் கிடப்பவனைக் கண்டால் நம் பையன்கள் போலீஸ், சாட்சி என்று பயந்து ஒதுங்குகிறார்கள். பயம் வேண்டாம். தூக்கிச் சென்றவர் பெயர் கூடச் சொல்ல வேண்டியதில்லை என்று சட்டமே பாதுகாப்புக் கொடுத்திருக்கிறது. 108ஐக் கூப்பிடுங்கள், சயான் ஆஸ்பத்திரி பக்கத்தில்தான். 2025 மே மாதம் வந்த திட்டப்படி, விபத்தில் சிக்கியவருக்கு ஏழு நாள் வரை, ஒன்றரை லட்சம் ரூபாய் வரை பணம் கட்டாமல் சிகிச்சை உண்டு. கேட்டு வாங்க வேண்டும். கேட்காதவனுக்கு எந்த அலுவலகத்திலும் எதுவும் கிடைப்பதில்லை.

ரயில்வேயில் வேலை பார்க்கிற நாங்கள் இன்னொன்றும் சொல்வோம். சிவப்பு விளக்கைத் தாண்டிய ஓட்டுநரை உடனே வேலையிலிருந்து நிறுத்துவார்கள். ஆனால் விசாரணையில் சிக்னல் சரியாகத் தெரிந்ததா, பிரேக் பிடித்ததா, எத்தனை மணி நேரம் வேலை வாங்கினார்கள் என்பதையும் பார்ப்பார்கள். சாலையில் மட்டும் "பையன் வேகமாகப் போனான்" என்று எழுதிக் கட்டை மூடிவிடுகிறார்கள். அழிந்த வரிக்கோட்டை யார் கேட்பது? பள்ளத்தை? பத்து நிமிடத்தில் பார்சல் கொடு என்று பையனை விரட்டுகிற கம்பெனியை?

இளைஞர்கள் கேட்கட்டும். ஒரு வாரம், மாலை 7 மணி முதல் 9 வரை, 90 அடி ரோட்டிலும் 60 அடி ரோட்டிலும் நின்று கணக்கெடுங்கள். எத்தனை பேர் ஹெல்மெட்டோடு போகிறார்கள், எந்த இடத்தில் பிள்ளைகள் கடக்க முடியாமல் நிற்கிறார்கள், எங்கே விளக்கு எரியவில்லை. தேதி போட்டு எழுதுங்கள். ஜி-நார்த் வார்டு அலுவலகத்துக்குப் போகிற மனுவில் முதல் கையெழுத்து உங்களுடையது. நாங்கள் பின்னால் வருவோம்.

வருகிற ஞாயிறு காலை பத்து மணிக்குச் சங்க அறையில் பெயர் கொடுக்கலாம். பார்சல் வேலை பார்க்கிற தம்பிகளுக்கு அந்த நேரம் தோதுப்படாது என்றால் இரவு பதினொன்றுக்கு வாருங்கள். கதவு திறந்திருக்கும்.