தூதர் தந்த தலைப்பு



பத்தாண்டு நிறைவில் வாழ்த்துரைப்போர் பலர். நான் ஒரு வரலாற்றுச் செய்தியையும் அதன்வழி எழும் ஒரு வினாவையும் முன்வைக்க விழைகின்றேன்.

1877-ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் துணைத் தூதரகம் அமைக்கச் சீனப் பேரரசு விரும்பியது. ஆங்கிலக் குடியேற்ற அரசு தயங்கியது. நகர மக்களுள் பாதிக்கு மேற்பட்டோர் சீனர். அவர்களுக்கெனத் தூதர் ஒருவர் வந்தால், அரசுக்குள் ஓர் அரசு முளைத்துவிடுமோ என அஞ்சியது. முடிவில், உள்ளூர்ப் பெருவணிகரும் சட்டமன்ற உறுப்பினருமான 'வாம்போவா' ஹூ ஆ கே அப்பதவியை ஏற்க இசைந்தது. அதே ஆண்டில், சீனம் பேசவல்ல பிக்கரிங் என்பாரின் தலைமையில் சீனர் காப்பகத்தையும் நிறுவியது.

வாம்போவா 1880-இல் மறைந்தார். அடுத்த ஆண்டு சீனாவின் அதிகாரியான சுவோ பிங்லோங் தூதராக வந்தார். 1882-இல் அவர் தொடங்கியது ஓர் இலக்கிய வட்டம்! மாதந்தோறும் தலைப்புத் தந்தார். வந்த கட்டுரைகளைத் தாமே மதிப்பிட்டுப் பரிசளித்தார். தேர்ந்தவர் பெயர்கள் 'லாட் பாவ்' நாளேட்டில் வெளிவந்தன.

1891-இல் தலைமைத் துணைத்தூதராக வந்த ஹுவாங் சுன்சியான், சீனக் கவிதையில் புதுமை கண்ட பெருங்கவிஞர். அவ்வட்டத்தை அவர் 'து நான் சே' எனப் புதுப்பித்தார். முன்பு பெரிதும் கன்பூசிய நூல்களைச் சார்ந்திருந்த தலைப்புகள், இப்போது தென்கடல் நாடுகளின் வாழ்வைத் தொட்டன. புலம்பெயர்ந்தோர் துயர் குறித்த அவருடைய அறிக்கை, வெளிநாடு செல்வதற்கான பழைய தடையைப் பேரரசு 1893-இல் நீக்கத் துணைசெய்தது.

அன்பர்களே, ஆங்கில அரசின் அச்சம் முற்றிலும் வீணன்று. கடல் கடந்த மக்களின் பற்றைத் தாயகத்தின்பால் ஈர்க்கவே தூதர்கள் வந்தனர். அதற்கு அவர்கள் கைக்கொண்ட கருவிகளுள் ஒன்று, மாதம் ஒரு தலைப்பு. இலக்கிய வட்டத்தின் ஆற்றலுக்கு வேறு சான்றும் வேண்டுமோ?

ஆயினும் இதனுள் ஓர் எச்சரிக்கை உண்டு. தலைப்பைத் தருபவர் சிந்தனைக்கு எல்லையும் வகுக்கின்றார். சுவோவின் வட்டத்தில் வாழ்க்கையைப் பாட விரும்பியவன், ஹுவாங் வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்திருக்கும். நல்ல தூதர் வாய்த்தது அவர்தம் பேறு. பேற்றை நம்பி ஒரு மொழி வாழலாகாது.

நம் கவியரங்கத் தலைப்புகளை யார் தருகின்றனர்? பொன்னாடை போர்த்துவோரா, பாடுவோரா? அடுத்த பத்தாண்டின் முதற்கூட்டத்திலேயே இவ்வினாவை எடுத்துக்கொள்ளுமாறு வேண்டி அமைகின்றேன்.