வேலூர் சிகிச்சைக்கு அம்பத்தூரில் செய்ய வேண்டிய ஏற்பாடு



அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கத்திலிருந்து வந்திருக்கும் பெற்றோர்களுக்கும், இதைப் பிறகு கைபேசியில் படிக்கப்போகும் உங்களுக்கும் சேர்த்துத்தான் பேசறேன். நான் மருத்துவர் இல்லை; ஃபேக்டர் ஊசி போட்டே பல வருஷம் கழித்த செவிலியர். கொஞ்ச நாளா ஹீமோபிலியா குடும்பங்கள் என்னிடம் கேட்கிற கேள்வி ஒண்ணுதான்: “சிஸ்டர், ஒரே தடவையில சரியாயிடுமாமே, எங்க பையனுக்கு எப்போ?”

வாட்ஸ்அப்பில் சுத்துற அந்தச் செய்தி பொய் இல்லை. ஆனா பாதிதான் வந்திருக்கு. வேலூர் சி.எம்.சி.யில் டாக்டர் அலோக் ஸ்ரீவஸ்தவா குழுவினர், கடுமையான ஹீமோபிலியா ஏ உள்ள 5 ஆண்களுக்கு மரபணு சிகிச்சை கொடுத்து, அதன் முடிவை 2024 டிசம்பரில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வெளியிட்டாங்க. நோயாளியின் சொந்த ஸ்டெம் செல்லை எடுத்து, ஃபேக்டர் 8 தயாரிக்கும் மரபணுவை அதில் சேர்த்து, அவர் உடம்புக்கே திரும்பச் செலுத்தும் முறை அது. கண்காணித்த காலம் 5 பேருக்கும் சேர்த்து 81 மாதம். அதில் ஒருத்தருக்கும் ரத்தக்கசிவு இல்லை. முழங்கால் வீங்கி ராத்திரி முழுக்க அழுத பிள்ளையைப் பார்த்தவங்களுக்கு இது எவ்வளவு பெரிய செய்தின்னு நான் சொல்ல வேண்டியதில்லை.

மீதிப் பாதியையும் கேளுங்க. அந்த செல்லை ஏற்றும் முன் கீமோதெரபி மருந்து கொடுக்கணும். ரத்த அணுக்கள் குறையும், ஆஸ்பத்திரியில் தங்கணும், பிற்காலக் குழந்தைப்பேறு பற்றி முன்கூட்டியே மருத்துவரிடம் பேசிடணும். ஃபேக்டர் அளவு 5 பேருக்கும் ஒரே மாதிரி ஏறவும் இல்லை. எல்லோரும் 22 முதல் 41 வயதுக்காரங்க. சின்னப் பிள்ளைகள் யாரும் இல்லை. ஆய்வு நிலையில் இருக்கிற சிகிச்சை இது. ஆய்வில் இடம் வாங்கித் தர்றேன்னு யாராவது பணம் கேட்டா நம்பாதீங்க. நாட்டில் நடக்கும் மருந்து ஆய்வுகளைப் பதிவு செய்யும் சி.டி.ஆர்.ஐ. இணையதளத்தை உங்க போனிலேயே திறந்து பார்க்கலாம்.

வெளிநாட்டில் வேற முறையும் இருக்கு. 2022-ல் அமெரிக்கா ஹீமோபிலியா பி-க்கு அனுமதித்த ஹெம்ஜெனிக்ஸ் மருந்தின் விலை 35 லட்சம் டாலர்! இந்த வகையில் தீங்கு செய்யாத ஒரு வைரஸ் மரபணுவைக் கல்லீரலுக்குச் சுமந்து போகுது. சிகிச்சைக்குப் பிறகு பல வாரம், வாராவாரம் கல்லீரலுக்கு ரத்தப் பரிசோதனை. அதனால ஐரோப்பாவில் நிபுணர்கள் ஒரு ஏற்பாடு சொன்னாங்க. சக்கரத்தின் குடமும் ஆரக்கால்களும் மாதிரி, பெரிய மையம் சிகிச்சை கொடுக்கும். வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள மையம் முன்னாடியும் பின்னாடியும் பார்த்துக்கும்.

நமக்கும் அதுதான் சரின்னு நான் நினைக்கிறேன். அம்பத்தூர், ஆவடி வழியா ஓடற ரயில் பாதைதான் காட்பாடிக்கும் போகுது. சென்னையிலிருந்து சுமார் 130 கிலோமீட்டர். ஒருமுறை போயிட்டு வந்துடலாம். ஆனா வாரம் தவறாம ஒரு குழாய் ரத்தம் கொடுக்க, கம்பெனியில லீவு போட்டுட்டு எத்தனை பேரால போக முடியும்? அந்த ரத்தத்தை இங்கேயே ஒழுங்கா எடுக்கத் தெரிஞ்சிருக்கணும். உறைதல் பரிசோதனைக்கான நீல மூடிக் குழாயில் கோடு வரைக்கும் ரத்தம் நிரம்பணும். குறைஞ்சா முடிவு தப்பாகும். பரிசோதனை முறை மாறினாலும் ஃபேக்டர் எண் மாறும். சின்ன விஷயம் மாதிரி தெரியும், ஆனா மருந்தைக் கூட்டறதா குறைக்கிறதான்னு முடிவு பண்றது இந்த எண்ணை வெச்சுத்தான்.

அதுக்கும் முன்னாடி அடிப்படை ஒண்ணு இருக்கு. நான் வேலைக்குச் சேர்ந்த புதுசுல ஒரு பையன் வந்தான். முழங்கால் வலிக்குன்னு எங்கேயோ ஒரு கிளினிக்கில் தொடையில் வலி ஊசி போட்டிருந்தாங்க. தசைக்குள்ள ரத்தம் கசிஞ்சு, தொடை இரண்டு மடங்கா வீங்கியிருந்தது. ஹீமோபிலியா உள்ளவங்களுக்குத் தசையில் ஊசி போடக் கூடாது, ஆஸ்பிரின் ஆகாது, தலையில் அடிபட்டா முதலில் ஃபேக்டர், ஸ்கேன் அப்புறம். இந்த மூணும் தெரியாத இடத்தில் மரபணு சிகிச்சை பற்றிப் பேசி என்ன பிரயோஜனம்? 108-க்குக் கூப்பிட்டாலும் முதல் வார்த்தையா ஹீமோபிலியான்னு சொல்லுங்க.

இனி உங்க பக்கம். போனில் ஒரு குறிப்பு திறங்க. ரத்தக்கசிவு வந்த தேதி, எந்த மூட்டு, எத்தனை யூனிட் ஃபேக்டர். மருந்துப் பெட்டியைத் தூக்கிப் போடும் முன் பேட்ச் எண் தெரியற மாதிரி ஒரு படம். மருத்துவர் முதலில் கேட்கப்போறது “வருஷத்துக்கு எத்தனை தடவை கசிவு?” என்பதைத்தான். “அடிக்கடி வரும் டாக்டர்” என்பது பதில் ஆகாது. இன்ஹிபிட்டர் பரிசோதனையை, அதாவது உடம்பு ஃபேக்டரையே எதிர்க்குதான்னு பார்ப்பதை, கேட்டு வாங்கிச் செய்யுங்க. வேலூர் ஆய்வில் இன்ஹிபிட்டர் இருந்தவங்களைச் சேர்க்கலை. ஹெபடைடிஸ் பி, சி பரிசோதனை முடிவுகளையும் அதே கோப்பில் வையுங்க.

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016-ல் ஹீமோபிலியாவும் ஒரு ஊனமாகச் சேர்க்கப்பட்டிருக்கு. அதனால யு.டி.ஐ.டி. அட்டைக்கு ஆன்லைனில் விண்ணப்பிக்கலாம். நடக்கிற பிள்ளைக்கு எதுக்கு இந்த அட்டைன்னு பல பேர் தயங்கறீங்க. சலுகையை விடுங்க, ஆவடியில் எத்தனை பேர், பூந்தமல்லியில் எத்தனை பேர்னு அரசுக்குத் தெரிஞ்சாத்தானே எந்த ஆஸ்பத்திரியில் எவ்வளவு ஃபேக்டர் வைக்கணும்னு கணக்குப் போட முடியும்? சந்தேகம் இருந்தா 104-க்குப் போன் பண்ணிக் கேளுங்க.

வரும்போது வாசலில் ஒரு தம்பி கேட்டார்: “மரபணு சிகிச்சை எடுத்துக்கிட்டா என் பிள்ளைக்கு இது வராதா சிஸ்டர்?” இல்லைப்பா. சிகிச்சை உன் உடம்புக்கு மட்டும்தான். உன் மகனுக்கு உன்கிட்டேயிருந்து வராது, சிகிச்சை எடுத்தாலும் எடுக்காவிட்டாலும். ஆனா உன் மகள் அந்த மரபணுவைக் கட்டாயம் சுமப்பாள். அவளுக்கும், இப்போ கல்யாணத்துக்கு நிக்கிற உன் அக்கா தங்கைக்கும் ஃபேக்டர் அளவு பார்த்து வெச்சுக்கோ; பிரசவத்துக்கு முன்னாடி அந்தச் சீட்டைக் கட்டாயம் கேட்பாங்க.