ஒரே வெடிப்பு ரெண்டு தடவை வந்தா உஷார்!

போன வருஷம் ஆபீஸ் வேலையா கானா நாட்டுத் தலைநகர் அக்ராவுக்கு ரெண்டு வாரம் போயிருந்தேன். அம்மாவுக்கு ஏதாவது வாங்கணுமேன்னு ஒரு கடையில ஆறு கஜம் வேக்ஸ் பிரிண்ட் துணி எடுத்தேன். துணி ஓரத்துல ஹாலந்து வேக்ஸ்னு அச்சடிச்சிருந்தது, விலையும் அதுக்கேத்த விலைதான். மறுநாள் ஆபீஸ்ல பெருமையா விரிச்சுக் காட்டினேன். அந்த ஊர் சீனியர் ஒருத்தங்க நல்ல பக்கத்தைப் பார்க்கவே இல்ல. புரட்டினாங்க, தடவினாங்க, "எவ்வளவு கொடுத்தீங்க?"ன்னு மட்டும் கேட்டாங்க. கேட்ட விதத்துலயே எனக்கு விஷயம் புரிஞ்சுபோச்சு.

ஏன் புரட்டிப் பார்த்தாங்க? அசல் வேக்ஸ் பிரிண்ட்ல, செதுக்கின உருளைகளை வச்சு சூடான பிசினைத் துணியோட ரெண்டு பக்கமும் பதிக்கிறாங்க. அது ஆறி இறுகினதும் துணியைக் கசக்குற மாதிரி இழுக்க, பிசின்ல விரிசல் விழுது. அப்புறம் நீலச் சாயத்துல முக்குறாங்க. பிசின் இருக்கிற இடத்துல சாயம் ஏறாது, விரிசல் வழியா மட்டும் மெல்லிசா உள்ளே கசியும். அதுதான் அந்த நரம்பு நரம்பான வெடிப்புக் கோடு. மத்த நிறங்கள் அதுக்கப்புறம்தான் வரும், அதனால கொஞ்சம் தள்ளி உட்காரும். மொத்தத்துல பின்பக்கமும் முன்பக்கம் மாதிரியே அழுத்தமா இருக்கணும். என் துணியோட பின்பக்கம் வெளிறிக் கிடந்தது.

ஆனா இப்ப ரெண்டு பக்கமும் அச்சடிக்கிற போலியும் வருது. அங்கதான் எனக்குள்ள இருக்கிற புரோகிராமர் முழிச்சுக்கிட்டான். டிசைன் திரும்பத் திரும்ப வரும், அது உருளையோட சுற்றளவைப் பொறுத்தது. ஆனா வெடிப்பு? அது நிஜமான ரேண்டம். ஒரு பூவுல விழுந்த கீறல் அடுத்த பூவுல அச்சு அசலா விழ வாய்ப்பே இல்ல. போலியில வெடிப்பும் படத்தோட ஒரு பகுதிதான், காப்பி பேஸ்ட். ஒரு கீறலைக் குறிச்சு வச்சுக்கிட்டு, அதே பூ அடுத்து வர்ற இடத்துல தேடுங்க. அச்சு அசலா அதே கீறல் இருந்தா, வேக்ஸ்னு காசு கொடுக்காதீங்க. (வெடிப்பே இல்லேன்னா உடனே போலின்னு சொல்லிடாதீங்க. ஜாவா பிரிண்ட், ஃபேன்ஸி பிரிண்ட்னு மெழுகு இல்லாத நேர்மையான துணிகளும் உண்டு.) ஓரத்துல இருக்கிற எழுத்தை நான் நம்பினது மாதிரி நீங்க நம்பாதீங்க. காப்பி அடிக்க ரொம்ப ஈஸியானது அதுதான்.

இதுல ஒரு வேடிக்கை. இந்தத் துணியே ஒரு நகல்தான்! ஜாவாவில கையால செய்யிற பாத்திக்கை மெஷின்ல செஞ்சு அங்கேயே விக்கப் பார்த்தாங்க டச்சுக்காரங்க. ஜாவாக்காரங்க வெடிப்பைக் குறைன்னு ஒதுக்கினாங்க, மேற்கு ஆப்பிரிக்காவில அதையே அழகுன்னு எடுத்துக்கிட்டாங்க. 1846-ல நெதர்லாந்தோட ஹெல்மண்ட் ஊர்ல ஆரம்பிச்ச விலிஸ்கோ இன்னைக்கும் அந்தச் சந்தைக்குத்தான் அச்சடிக்குது. அப்போ 'அசல் ஆப்பிரிக்கத் துணி'ன்னு எதைச் சொல்றது? என் கணக்குல, பேர் வச்சவங்களும் அதுக்குச் சொந்தக்காரங்க. பறவை போட்ட ஒரு டிசைனுக்கு கானாவில 'பணத்துக்கு இறக்கை உண்டு'ன்னு பேர். அந்த அர்த்தம் ஹெல்மண்ட்ல இருந்து வந்ததில்ல, சந்தையில துணி வித்த, கட்டின பெண்கள் கொடுத்தது.

சீனியர் கோபப்பட்டது என் காசுக்காக இல்ல. கானாவோட ஜவுளித் தொழில்ல 1970-கள்ல சுமார் 25,000 பேர் இருந்தாங்க, 2000-கள்ல அது சில ஆயிரமா சுருங்கிடுச்சு. காரணம் போலி மட்டும் இல்லதான், இறக்குமதி, கரண்ட், கடன் எல்லாம் சேர்ந்தது. 2010-ல அரசு தனிப்படை போட்டு சந்தைகள்ல போலித் துணியைப் பறிமுதல் பண்ணி எரிச்சது. எனக்கு அது சங்கடமாத்தான் இருக்கு. எரியிறது கடன் வாங்கிச் சரக்கு எடுத்த ஒரு அம்மாவோட முதல். மலிவா ஒரு துணி வேணும்னு கேக்கிறதும் தப்பில்லையே. மலிவுத் துணியை வேக்ஸ் விலைக்குத் தள்ளினாங்க பாருங்க, என் சண்டை அதோட மட்டும்தான்.

அம்மாகிட்ட உண்மையைச் சொல்லிட்டேன். "பூ நல்லாத்தானேடா இருக்கு"ன்னு நைட்டி தைச்சுக்கிட்டாங்க. உங்ககிட்ட வேக்ஸ் துணி இருந்தா ரெண்டு பக்கமும் போட்டோ எடுத்து அனுப்புங்க, அந்த சீனியர்கிட்டயே காட்டிக் கேக்கிறேன். அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.