மண்ணுக்குள்ளே இருக்கும் காவலைக் காப்போம்!

(நீலகிரி மலைக் காய்கறி விவசாயிகளின் ஆர்ப்பாட்ட விளக்கக் கூட்டத்தில் சங்கச் செயலாளர் ஆற்றிய உரை)

 

உருளைக்கிழங்கு போட்டால் செடி திட்டுத்திட்டாக மஞ்சள் விழுந்து நிற்கிறது. கேரட் பிடுங்கினால் கிளைகிளையாப் பிரிஞ்சு, வேர் முழுக்க முடிச்சோடு வருகிறது. அந்த மூட்டை மேட்டுப்பாளையம் மண்டியில் என்ன விலைக்குப் போகும்னு நமக்குத் தெரியும். மண்ணுக்கு என்ன ஆச்சுன்னு கேட்டா, "குருணை மருந்தைக் கூடப் போடு" என்கிறார்கள்.

காரணம் நூற்புழு. ஆனால் எல்லா நூற்புழுவும் எதிரி இல்லை. ஒரு கைப்பிடி மண்ணில் ஆயிரக்கணக்கில் இருக்கும். பாக்டீரியாவையும் பூஞ்சையையும் தின்று பயிருக்குத் தழைச்சத்தை விடுவிப்பவை உண்டு. மற்ற நூற்புழுக்களையே பிடித்துத் தின்பவையும் உண்டு. அவைதான் நம் நிலத்தின் காவல். வேரைத் தின்பவை ஒரு பகுதிதான்.

கார்போகம், கடைப்போகம், நீர்ப்போகம் என்று ஒரே நிலத்தில் உருளையும் கேரட்டும் மாறிமாறிப் போட்டால் என்ன நடக்கிறது? வேர்ப்புழுவுக்கு ஆண்டு முழுக்கச் சாப்பாடு. காவல் புழுக்களோ மெதுவாகப் பெருகுபவை. ஓயாமல் கிளறினாலும் மருந்து கொட்டினாலும் அவைதான் முதலில் சாகும். திரும்பி வர வெகுகாலம் ஆகும். வேர்ப்புழு சீக்கிரம் திரும்பிவிடும்.

உருளையைத் தாக்கும் முட்டைக்கூடு நூற்புழு இந்த மலையில் 1961-இல் கண்டுபிடிக்கப்பட்டது. பெண் புழு செத்தபின் அதன் உடம்பே கெட்டியான கூடாகும். உள்ளே நூற்றுக்கணக்கான முட்டைகள். 20 ஆண்டுகூடக் காத்திருந்து, உருளை வேரின் வாடை பட்டதும் பொரிக்கும். அந்தக் கூட்டுக்குள் மருந்து எளிதில் போகாது. திருடன் பூட்டின வீட்டுக்குள்ளே, அடி வாங்குறது வெளியே நிற்கிற காவல்காரன்!

1971-இல் நம் விதைக்கிழங்கு மலையை விட்டு வெளியே போகத் தடை வந்தது. 2018-இல் இமாச்சல், உத்தராகண்ட், காஷ்மீர் விதைக்கிழங்குக்கும் இதே புழுவால் தடை வந்தது. அப்படியானால் சுத்தமான விதைக்கு நாம் எங்கே போவது?

பயிர் மாற்று என்கிறார்கள். சரிதான். உருளை இல்லாமல் மூன்று நான்கு ஆண்டு விட்டால் முட்டைக்கூடு குறையும். சாமை, ராகி, கோதுமையில் முட்டைக்கூடு நூற்புழு பெருகாது. உருளைக்கு நடுவே கடுகு போட்டாலும் பலன் உண்டு. தொழு உரம் போட்டால் காவல் புழுக்கள் மீளும். நம் பாட்டன்மார் சாமையும் ராகியும் போட்ட மண்தானே இது! ஆனால் குத்தகைப் பணத்தையும் வங்கித் தவணையையும் சாமையை வைத்துக் கட்ட முடியுமா? நாம் விரும்பியா ஒரே பயிரைப் போடுகிறோம்?

2015-இல் வந்த மண்வள அட்டையில் 12 அளவுகள் இருக்கின்றன. நூற்புழு பற்றி ஒரு வரிகூட இல்லை. நோய் என்னன்னு பார்க்காமலே மருந்துக்கு நம்மைச் செலவு பண்ணச் சொல்றாங்க!

எனவே நாம் கேட்பது:

1. ஒவ்வொரு போகத்துக்கும் முன் இலவச நூற்புழுப் பரிசோதனை வேண்டும். நல்லது எவ்வளவு, கெட்டது எவ்வளவு என்று தனித்தனியே சொல்ல வேண்டும்.

2. குஃப்ரி சுவர்ணா போன்ற எதிர்ப்புத்திறன் உள்ள ரகங்களின் சுத்தமான விதைக்கிழங்கு, நடவுக்கு முன்பே மானிய விலையில் கிடைக்க வேண்டும்.

3. பயிர் மாற்றும் விவசாயிக்கு, குத்தகைதாரர் உட்பட, ஏக்கர் கணக்கில் ஈட்டுத்தொகை வேண்டும். சாமை, ராகிக்குக் கட்டுபடியாகும் விலையில் கொள்முதல் வேண்டும்.

மண் செத்தபிறகு நிவாரணம் வாங்கிப் புண்ணியமில்லை. ஆர்ப்பாட்டத்துக்கு வீட்டுக்கு ஒருவர் வாருங்கள். வரும்போது முடிச்சு விழுந்த கேரட்டில் ஒன்றைக் கையில் எடுத்து வாருங்கள். அதிகாரிகள் மேசையில் அதை வைத்துப் பேசுவோம்!

விவசாயிகள் ஒற்றுமை ஓங்குக!